ரிப்பீட்டரின் செவிகள்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெச்சூர் வானொலி அன்பர்கள், அதாவது ஹாம்கள், தமக்குள் பணம் திரட்டி, ஒரு குன்றின் உச்சியில் இடம்பிடித்து, ரிப்பீட்டர் நிலையம் ஒன்றை ஸ்தாபித்து, அது செவ்வனே இயங்கத் தொடங்கிய சில மாதங்களுக்குள்ளாகவே, எந்தத் தேசத்திலும் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே விதமான முறையீடு எழுவதைக் காணலாம். ரிப்பீட்டர் பேசுவது எங்கள் வீட்டுக் கூடத்தில்கூடத் தெளிவாகக் கேட்கிறது. நாங்கள் பேசுவதுதான் அதற்குக் கேட்பதில்லை. இரண்டு மீட்டர் பட்டையில் ஓர் அலைவரிசையில் வரும் குரலைக் கேட்டு, அதே கணத்தில், அதிலிருந்து 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளியுள்ள மற்றோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்வதே ரிப்பீட்டரின் காரியமாகையால், அதற்குக் கேட்காத குரல் ஊருக்கும் கேட்காத குரலே. அமெரிக்க ஹாம்கள் இப்படிப்பட்ட ரிப்பீட்டரை 'முதலை' என்று அழைப்பார்கள். வாய் பெரிது, செவி சிறிது என்பது அதன் பொருள்.

இந்தக் குறைக்கு, போலீஸ், தீயணைப்பு முதலிய துறைகளின் வானொலிப் பொறியாளர்கள் வெகுகாலத்திற்கு முன்பே கண்டுபிடித்த பரிகாரம் ஒன்று உண்டு. உச்சியில் ஒரே ஒரு ரிசீவரை நம்பியிராமல், பிரதேசத்தின் பல பாகங்களில், ஒரே அலைவரிசையைக் கேட்கும் பல ரிசீவர்களை வைத்து, அவை அனைத்தின் ஒலியையும் ஒரு மத்திய நிலையத்துக்குக் கொண்டுவந்து, அந்தந்தக் கணத்தில் எது தெளிவாகக் கேட்கிறதோ அதை மட்டும் தேர்ந்து டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்புவது அது. தேர்வு செய்யும் சாதனத்துக்கு 'வோட்டர்' என்று பெயர். மோட்டரோலாவின் ஸ்பெக்ட்ரா-டாக், ஜே.பி.எஸ். நிறுவனத்தின் எஸ்.என்.வி.-12 போன்ற கருவிகள் அரசாங்கத் துறைகளிலிருந்து கழிக்கப்பட்டு அமெரிக்க ஹாம்களின் கைக்கு வந்தன; இப்போது இணையத்தின் வழியாகவே இயங்கும் சாதனங்களும் வந்துவிட்டன. கருவிகள் எளிதில் கிடைக்கத் தொடங்கியபின் அவற்றைப் பற்றிய தவறான அபிப்பிராயங்களும் அதே எளிமையுடன் பரவியிருக்கின்றன. நல்ல எண்ணத்துடன் உழைப்பவர்களின் பணமும் ஆண்டுக்கணக்கான உழைப்பும் இவற்றால் வீணாவதால், அவற்றுள் முக்கியமானவற்றை எடுத்து ஆராய்வது அவசியமாகிறது.

"ரிப்பீட்டரின் பவரைக் கூட்டினால் குறை தீரும்."

எல்லாவற்றிலும் பழைய நம்பிக்கை இது. ரிப்பீட்டரிலிருந்து பயனாளரின் கையிலுள்ள ஹேண்டி செட்டுக்கு வரும் பாதையும், ஹேண்டியிலிருந்து ரிப்பீட்டருக்குப் போகும் பாதையும் ஒன்றே. இடையிலுள்ள குன்றும் மரமும் கட்டடமும் இரு திசையிலும் ஒரே அளவு இழப்பையே உண்டாக்குகின்றன. உச்சியிலுள்ள பெரிய ஆன்டெனாவின் அனுகூலமும், கையிலுள்ள குட்டை ரப்பர் ஆன்டெனாவின் பிரதிகூலமும் இரு திசைக்கும் பொதுவானவை. ஆகவே இரு திசைகளுக்கும் உள்ள பிரதான வேற்றுமை பவர் ஒன்றுதான். ரிப்பீட்டர் 50 வாட்டும் ஹேண்டி 5 வாட்டும் கொடுக்குமானால், போகும் திசை வரும் திசையைவிட 10 டெசிபல் பலவீனமானது. ரிப்பீட்டரை 100 வாட்டுக்கு உயர்த்தினால் வேற்றுமை 13 டெசிபல் ஆகிறது. அதாவது, கேட்கமுடிந்தும் பேசமுடியாதவர்கள் வாழும் வட்டாரம் இன்னும் விரிகிறது. இதற்கு மேல், உச்சியில் ஒரே கோபுரத்தில் பிற டிரான்ஸ்மிட்டர்கள் பல நின்று எழுப்பும் இரைச்சலும், அனுப்பும் சிக்னலையும் வாங்கும் சிக்னலையும் பிரித்துவைக்கும் டூப்ளெக்ஸரின் வடிகட்டிக் கேவிட்டிகள் சற்றே நிலைதவறினால் ரிப்பீட்டரின் சொந்த டிரான்ஸ்மிட்டரே தன் ரிசீவரை மந்தமாக்கும் துன்பமும் சேர்ந்துகொள்கின்றன. உச்சி ரிசீவரின் முன்னால் ஒரு ப்ரீஆம்ப் வைத்தால் போதுமே என்பாரும் உண்டு. சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் அந்தச் சாதனம், இரைச்சல் மிகுந்த ஸ்தலத்தில் பெரும்பாலும் உபகாரத்தைவிட அபகாரத்தையே அதிகம் செய்கிறது. செவிகளைப் பயனாளருக்கு அருகே கொண்டுபோய் வைப்பதே நியாயமான வழி.

"வோட்டர் எல்லா ரிசீவர்களின் ஒலியையும் கலந்து ஒரு நல்ல ஒலியாக்குகிறது."

கலப்பதில்லை. ஒரு ரிசீவரில் குரல் தெளிவாகவும், மற்றொன்றில் குரல் பாதியும் இரைச்சல் பாதியுமாகவும், மூன்றாவதில் வெறும் இரைச்சலுமாக இருக்கும்போது, மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் மிஞ்சுவது மாசுபட்ட குரல்தான். மேலும், வெவ்வேறு பாதைகளில் சில மில்லிசெகண்டு வேற்றுமையுடன் வரும் ஒரே குரலைக் கூட்டும்போது சில ஸ்வரங்கள் ஒன்றையொன்று அழித்து, பேச்சு ஒரு குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். ஆகவே வோட்டர் ஒரு சமயத்தில் ஒரே ரிசீவரைத்தான் தேர்கிறது. அந்தத் தேர்வை ஒரே வாக்கியத்துக்குள் பலமுறை மாற்றிக்கொள்ளவும் செய்கிறது. ஏன் அவ்வளவு வேகம் என்று கேட்கலாம். 146 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 2 மீட்டர்; சுவர்களிலும் மலைச்சரிவுகளிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேரலையோடு மோதுவதால், சராசரியாக ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை சிக்னல் தாழ்ந்து எழுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரிலிருந்து பேசுபவரின் சிக்னல் இவ்விதம் வினாடிக்குப் பதினாறு முறை தாழ்கிறது. ஒரு ரிசீவரில் தாழும் அதே கணத்தில் வெகுதூரத்திலுள்ள மற்றொன்றிலும் தாழ்வது அபூர்வமாகையால், மில்லிசெகண்டுக் கணக்கில் தீர்மானிக்கக்கூடிய வோட்டர் அந்த இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே செல்கிறது. அதே சமயம், அற்ப வேற்றுமைக்கெல்லாம் அங்குமிங்கும் தாவாதபடி, புதிய ரிசீவர் பழையதைவிட ஒரு குறிப்பிட்ட அளவேனும் மேலாக இருந்தாலன்றி மாறக்கூடாது என்ற ஒரு வரம்பையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு பிரமை, சிக்னல் எங்கே பலமாக இருக்கிறதோ அதையே வோட்டர் தேரும் என்பது. பலம் வேறு, தெளிவு வேறு. பக்கத்து மின்கம்பத்தில் கெட்டுப்போன இன்சுலேட்டர் ஒன்று எழுப்பும் இரைச்சலும் ரிசீவரின் மீட்டரை உயர்த்தத்தான் செய்யும். எஃப்.எம். ரிசீவரில் இதைவிட நம்பத்தகுந்த அறிகுறி ஒன்று உண்டு: சிக்னல் இல்லாதபோது, அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து பேரிரைச்சல் வருகிறது, சிக்னல் வலுக்க வலுக்க அந்த இரைச்சல் அடங்குகிறது. மனிதக் குரல் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையில் அடங்கிவிடுவதால், அதற்கு மேலே எஞ்சியிருக்கும் இரைச்சலை அளந்தால், பேச்சினால் ஏமாறாமல் சிக்னலின் தரத்தை அறியலாம். எனவே வோட்டரின் உண்மையான தொழில், எது உரக்கக் கேட்கிறது என்பதைவிட, எதில் இரைச்சல் குறைவு என்பதைப் பார்ப்பதே.

இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்தத் துறையின் மிகப் பெரிய தவறான நம்பிக்கைக்கு வரலாம்.

"நல்ல ரிசீவர்களாக வாங்கி வைத்து இணைத்துவிட்டால், மற்றதை வோட்டர் பார்த்துக்கொள்ளும்."

தொலைவிலுள்ள ரிசீவரிலிருந்து மத்திய நிலையத்துக்கு ஒலி எப்படியோ வந்தாக வேண்டும். முற்காலத்தில் டெலிபோன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த கம்பிகள், ஹாம்களிடையே பெரும்பாலும் 70 சென்டிமீட்டர் பட்டையில் ஒரு சிறிய லிங்க் டிரான்ஸ்மிட்டர், இப்போது இணையம். கம்பியிலும் சாதாரண லிங்க்கிலும் 3000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சப்தம் மத்திய நிலையத்தை எட்டுவதில்லை. ஆகவே அங்கேயுள்ள வோட்டர், வந்து சேர்ந்த ஒலிக்குள்ளேயே, பேச்சின் இடைவெளிகளிலும் மேல்ஸ்தாயியிலும் தென்படும் இரைச்சலைக் கொண்டு ஊகித்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இனி என்ன நிகழும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பி மிக நீளமானது. நீண்ட கம்பியில் மேல்ஸ்தாயி சப்தங்கள் அதிகம் தேய்ந்துவிடும். தேய்வது பேச்சின் கூர்மை மட்டுமன்று, இரைச்சலின் பெரும்பகுதியும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே மிக மோசமான கம்பியின் கோடியிலுள்ள ரிசீவர், வோட்டரின் பார்வையில் மிகக் குறைந்த இரைச்சல் உடையதாகத் தோற்றமளித்து, அருகிலுள்ள நல்ல ரிசீவரை ஒவ்வொரு முறையும் தோற்கடிக்கும். மற்றொன்றில் ஒலியின் அளவைச் சற்றுக் குறைத்து வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரைச்சலை மட்டும் அளக்கும் வோட்டரில், குரலோடு இரைச்சலும் குறைந்திருப்பதால் அந்த மங்கிய ரிசீவரே வெல்லும். இரைச்சலுக்கும் குரலுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் நுண்ணிய வோட்டராயிருந்தால் தேர்வு பிழையாகாது. ஆனால் மாறும்போதெல்லாம் குரல் ஓங்கியும் தாழ்ந்தும், கனத்தும் மெலிந்தும் கேட்டு, கேட்பவர்களை அலுப்படையச் செய்யும். ஒரு ரிசீவரில் டீ-எம்ஃபஸிஸ் செய்த, அதாவது மேல்ஸ்தாயியைத் தணித்த, ஒலியையும் மற்றொன்றில் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து நேரே எடுத்த ஒலியையும் அனுப்புகிறவர்களுக்கும் இதே கதி.

எல்லாவற்றிலும் விபரீதமானது அறுந்துபோன இணைப்பு. கம்பி அறுந்துவிட்டால் அதில் குரலும் இல்லை, இரைச்சலும் இல்லை. குறைந்த இரைச்சலைத் தேடும் சாதனத்துக்கு அந்தப் பூரண மௌனத்தைவிடச் சிறந்த ரிசீவர் வேறெது? இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்துதான் பழைய பொறியாளர்கள் 'ஸ்டேட்டஸ் டோன்' என்ற உபாயத்தை ஏற்படுத்தினார்கள். ரிசீவர் சும்மா இருக்கும்போதெல்லாம், அதாவது சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் ஸ்குவெல்ச் மூடியிருக்கும்போதெல்லாம், கம்பியில் இடைவிடாமல் ஒரே ஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும். ஜெனரல் எலெக்ட்ரிக் முறையில் அது 1950 ஹெர்ட்ஸ், மோட்டரோலா முறையில் 2175 ஹெர்ட்ஸ். சிக்னல் வந்தவுடன் ஸ்வரம் நின்று குரல் தொடங்குகிறது. ஆகையால் ஸ்வரம் இருந்தால், இணைப்பு உயிரோடிருக்கிறது, ஆனால் சிக்னல் இல்லை; ஸ்வரம் நின்று குரல் வந்தால், சிக்னல் வந்திருக்கிறது; ஸ்வரமும் நின்று, நெடுநேரம் குரலும் இன்றிக் கிடந்தால், இணைப்பு செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அந்த வாயிலைத் தேர்விலிருந்து வோட்டர் விலக்கிவிடும். பேச்சு வரும் அதே பட்டைக்குள் அந்த ஸ்வரம் இருப்பதால், அதன் நுனிகூட டிரான்ஸ்மிட்டருக்குள் நுழையாதபடி வடிகட்ட வேண்டியது மட்டும் நம் பொறுப்பு. லிங்க் மூலம் ஒலியைக் கொண்டுவருவோர்க்கு இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு: டோன் எப்போதும் ஓடவேண்டுமானால் லிங்க் டிரான்ஸ்மிட்டரும் எப்போதும் ஓடவேண்டும், சூரிய மின்பலகையையும் பேட்டரியையும் நம்பி வாழும் மலைநிலையத்தில் அது பெருஞ்செலவு. சிக்னல் வரும்போது மட்டும் லிங்க் எழும்படி வைத்தாலோ, அது எழுந்து நிலைபெறுவதற்குள் பேசுபவரின் முதல் அசை பறிபோகிறது. மின்சாரத்துக்கு வழியிருக்குமானால் இடைவிடாமல் ஓடும் லிங்க்கையே நான் சிபாரிசு செய்வேன். அவசரத்தில் உதவி கேட்பவரின் முதல் அசை பல சமயங்களில் அவருடைய அழைப்புக்குறியின் முதல் எழுத்தாயிருக்கும்.

ஆகவே, வோட்டர் ஒன்றை அமைப்பதில் கௌரவமான வேலை அனைத்தும் கருவியை வாங்கியபின்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு ரிசீவரின் ஆன்டெனா வாயிலிலும் சிக்னல் ஜெனரேட்டரை இணைத்து, 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில் 1000 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை ஊட்டி, மத்திய நிலையத்தில், வோட்டரின் வாயிலில், எல்லா ரிசீவர்களும் ஒரே அளவு காட்டும்படி திருத்த வேண்டும். அளப்பது மலையில் அல்ல, வோட்டரின் வாயிலில் என்பதை வற்புறுத்த விரும்புகிறேன், ஏனெனில் கம்பியும் லிங்க்கும் செய்யும் சேதம் மலையில் தெரியாது. பிறகு 400 ஹெர்ட்ஸிலும் 2800 ஹெர்ட்ஸிலும் அதே பரீட்சையைச் செய்து, தேய்வுள்ள பாதைகளுக்கு ஈக்வலைஸர் வைத்து, எல்லாம் ஒரு டெசிபலுக்குள் ஒத்துவரும்வரை விடக்கூடாது. அதன்பின், 0.25, 0.5, 1 மைக்ரோவோல்ட் என்று பலவீனமான சிக்னல்களை ஒவ்வொன்றிலும் முறையே ஊட்டி, ஒரே சிக்னலுக்கு எல்லா ரிசீவர்களும் வோட்டரிடம் ஒரே மதிப்பைப் பெறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பயனாளரின் குரலோடு அடையாளமாக வரும் சி.டி.சி.எஸ்.எஸ். டோனை ஒவ்வொரு ரிசீவரிலேயே கண்டறிந்து, அது இல்லாத சிக்னலை அங்கேயே நிறுத்திவிடுவதும் நன்று. இல்லையேல் ஒரு மூலையில் உள்ள குறுக்கீடு முழு அமைப்பையும் திறந்துவிடும். இவ்வளவும் செய்ய இரண்டு ஆட்களும், பல நாட்களும், மிகுந்த பொறுமையும் வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட வோட்டரைவிட, நன்றாக அமைத்த ஒற்றை ரிசீவர் எவ்வளவோ மேல்.

"துணை ரிசீவர்களையும் உயரமான சிகரங்களிலேயே வைக்க வேண்டும்."

உயரம் நல்லதுதான், டிரான்ஸ்மிட்டருக்கு அது அநேகமாக எல்லாமே. ஆனால் துணை ரிசீவரின் பிரயோஜனம், முதல் ரிசீவருக்கு எட்டாததைக் கேட்பதில் இருக்கிறது. மற்றொரு சிகரத்தில் வைத்தால், முன்பே கேட்டுக்கொண்டிருந்தவர்களையே அது மறுபடியும் கேட்கும். மலைமறைவில் உள்ள பள்ளத்தாக்கு அப்படியே செவிட்டு வட்டாரமாக நிற்கும். அந்தப் பள்ளத்தாக்குக்குள், ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்மாடியிலோ ஒரு நீர்த்தேக்கத் தொட்டியின் மேலோ, சுற்றிலும் டிரான்ஸ்மிட்டர்கள் இல்லாத அமைதியான இடத்தில் வைத்த சாதாரண ரிசீவர், வெள்ளமோ காட்டுத் தீயோ வந்து மின்சாரமும் கைபேசியும் போய்விட்ட நாளில், கையில் ஒரு ஹேண்டியை மட்டும் வைத்துக்கொண்டு உதவி கேட்கும் மனிதருக்குச் செய்யும் உபகாரம் மகத்தானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புகளுக்கிடையே வாழும் நம் ஹாம்களுக்கும் இந்தப் பூகோள நியாயம் அப்படியே பொருந்தும். பட்டை மட்டும் அமெரிக்காவில் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை, இந்தியாவில் 144 முதல் 146 வரை.

எண்ணிக்கையை வளர்த்துக்கொண்டே போவதும் புத்திசாலித்தனமாகாது. இரு வேறு பள்ளத்தாக்குகளிலிருந்து இருவர் ஒரே சமயத்தில் பேசினால், ஒற்றை ரிசீவரில் வலுத்தவர் மற்றவரை அமிழ்த்திவிடுவார், ஏதோ ஒரு குரலாவது கேட்கும். வோட்டிங் முறையிலோ, இருவரும் தத்தம் ரிசீவரில் தெளிவாகவே வந்து, வோட்டர் இருவர் பேச்சையும் துண்டுதுண்டாக மாற்றி மாற்றித் தரக்கூடும். ரிசீவர்கள் பெருகப் பெருக, யார் எப்போது பேசுவது என்பதை நெறிப்படுத்தும் நெட் கண்ட்ரோல் ஸ்டேஷனின் பொறுப்பும் பெருகும்.

வோட்டிங்கும் சைமல்காஸ்டும் ஒன்றே என்று கருதுவோருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். பல டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே அலைவரிசையில் ஒரே சமயத்தில் ஒலிபரப்புவது சைமல்காஸ்ட். அங்கே அலைகள் வானத்திலேயே மோதிக்கொள்வதால், ஒலி பத்திருபது மைக்ரோசெகண்டு பிசகினாலும் கேடு. வோட்டிங் கேட்கும் பக்கத்து விஷயம். அங்கே கணக்கு மில்லிசெகண்டில்தான்.

"இணையத்தில் தாமதம் உண்டு, ஆகையால் அதன் வழியே வோட்டிங் செய்ய இயலாது."

தாமதம் உண்டு என்பது மெய், முடிவு பொய். எல்லா ரிசீவர்களும் ஒரே அளவு தாமதித்தால், தேர்வுக்கு எவ்விதத் தீங்கும் இல்லை. ரிப்பீட்டர் அரை வினாடி பிந்திப் பேசும், அவ்வளவே. தீங்கு விளைவிப்பது தாமதங்களுக்கிடையே உள்ள வேற்றுமை. 'வணக்கம்' என்று ஒருவர் சொல்லும்போது நடுவில் பிந்திவரும் பாதைக்கு மாறினால் அது 'வணவணக்கம்' ஆகும். முந்திவரும் பாதைக்கு மாறினால் 'வக்கம்' ஆகும். இணையத்தில் இந்த வேற்றுமை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டிருப்பதால், ஒருமுறை திருத்தி வைத்துவிட்டு நிம்மதியாயிருக்கவும் இயலாது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜிம் டிக்ஸன். ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளில் டெலிபோன் இணைப்புகளுக்கு வழிசெய்து கீர்த்திபெற்ற அவரே, ஹாம் ரிப்பீட்டர்களை அதே மென்பொருளால் நடத்தும் ஆல்ஸ்டார் லிங்க் முறையையும் நிறுவி, அதற்கென ஒரு வோட்டிங் விதிமுறையையும் வகுத்தார். ஒவ்வொரு ரிசீவர் ஸ்தலத்திலும் ஒரு சிறிய கருவி இருக்கும். அதனுடன் ஒரு ஜி.பி.எஸ். ரிசீவர் இணைந்திருக்கும். டிஸ்கிரிமினேட்டரிலிருந்து வடிகட்டாத ஒலியை அப்படியே பெற்று, குரலுக்கு மேற்பட்ட இரைச்சலை அங்கேயே அளந்து, 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக்கி, 20 மில்லிசெகண்டுத் துண்டுகளாகப் பகுத்த ஒலியோடு அந்த எண்ணையும், ஜி.பி.எஸ். தந்த துல்லியமான நேரத்தையும் சேர்த்து அனுப்பிவிடுகிறது. மத்திய நிலையம் சற்றே காத்திருந்து, ஒரே நேரமுத்திரை பெற்ற துண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பெரிய எண் உடையதைத் தேர்கிறது. எந்தத் துண்டு எந்த வழியாக எப்போது வந்தாலும், பேசப்பட்ட கணத்தின்படியே அவை வரிசையாகின்றன. இரைச்சலை ரிசீவரின் அருகிலேயே அளந்துவிடுவதால், கம்பியின் தேய்வு தேர்வைக் கெடுக்கும் பழைய நோயும் இதில் இல்லை. ஆயினும் ஒவ்வொரு கருவியையும், சிக்னல் அற்ற வெறும் இரைச்சலைக் காட்டி அளவிட்டு வைத்தாலன்றி, ஒன்றின் 200 மற்றொன்றின் 200 ஆகாது; ஒலியளவைச் சமப்படுத்தும் வேலையும் முன்போலவே இருக்கத்தான் செய்கிறது. சிலர் இந்த முறைக்கு மாறிய உற்சாகத்தில், ஜி.பி.எஸ். ஆன்டெனாவை வானம் தெரியாத அறைக்குள் வைத்துவிட்டு, ரிசீவர் இருந்தும் தேர்வில் கலந்துகொள்ளாமல் போவதேன் என்று வருந்துவதும் உண்டு.

இறுதியாக, அமைத்து முடித்த வோட்டரைப் பற்றி. ஒருமுறை சமப்படுத்தியது என்றென்றைக்கும் சமமாயிராது. மழைக்காலத்தில் ஆன்டெனா கேபிளில் நீர் புகும், லிங்க் தன் அலைவரிசையிலிருந்து சிறிது நகரும், ஒலியளவுத் திருகு வெப்பத்தில் தளரும். எந்த ரிசீவர் எத்தனை முறை தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைப் பதிவுசெய்யும் வசதி இருக்குமானால், மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். ஒருபோதும் வெல்லாத ரிசீவரை எல்லோரும் சந்தேகிப்பார்கள். எப்போதும் வெல்லும் ரிசீவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதைத் தேர்விலிருந்து விலக்கி வைத்து, அதன் ஒலியைத் தனியே கேட்டு, அது கூர்மை இழந்திருக்கிறதா, அளவில் குறைந்திருக்கிறதா என்று பரிசோதித்து, குறை கண்டால் சிக்னல் ஜெனரேட்டரோடு மறுபடியும் அந்த ஸ்தலத்துக்குப் போக வேண்டும்.